தலைவிதியும் தன் விதியும்

(தர்மபுரி ஜில்லா பென்னாகரம் வட்டத்துக் கிராமம் ஒன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் விரிவு)



இன்று நாம் பேசப்போகும் விஷயம் சோறு தின்பதைப் பற்றியது. இதைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். "பேய் இல்லை, பிசாசு இல்லை, ஜோசியம் பொய் என்று பேச வந்தவர்கள் இட்லியையும் களியையும் பற்றிப் பேசுவதற்கா மேடை போட்டார்கள்?" என்று நினைக்கக்கூடும். ஆனால் தோழர்களே, ஒரு மனிதன் தினம் மூன்று வேளை, நான்கு வேளை தவறாமல் செய்கிற காரியம் தின்பது ஒன்றுதான். அந்தக் காரியத்தில் அவனுடைய புத்தி வேலை செய்கிறதா, அல்லது பழக்கமும் நாக்கும் ஊராரும் சேர்ந்து அவனை இழுத்துக்கொண்டு போகிறார்களா என்று பார்த்தால், அவன் பகுத்தறிவின் யோக்கியதை வெளுத்துப்போகும். மேடையில் கைதட்டிவிட்டு வீட்டிலே அறிவை மூட்டைகட்டி வைப்பவனால் என்ன பிரயோஜனம்?

விதி என்கிற சொல்லுக்கு நம் நாட்டில் இரண்டு அர்த்தம் வழங்குகிறது. ஒன்று தலைவிதி. அது எவனோ எழுதியது, எவனும் படிக்க முடியாதது, மாற்ற முடியாதது என்று சொல்லப்படுவது. இன்னொன்று சட்டம், ஒழுங்கு என்ற பொருளில் வரும் விதி. அது மனிதன் தன் நன்மைக்காகச் செய்துகொள்வது, நன்மை இல்லையென்று கண்டால் மாற்றிக்கொள்வது. நம் ஜனங்கள் முதல் விதியை நம்பி இரண்டாவது விதியைக் கைவிட்டுவிட்டார்கள். சர்க்கரை வியாதி வந்தால் தலைவிதி, காலில் புண் வந்து ஆறாவிட்டால் தலைவிதி, காலை எடுத்துவிட்டால் அதுவும் தலைவிதி என்கிறார்கள். முதல் விதிக்குப் பதிலாக இரண்டாவது விதியை உங்கள் சாப்பாட்டில் எப்படிக் கொண்டுவருவது என்பதைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம்.

முதலில் ஒரு சமாதானத்தைத் தீர்த்துவிடுவோம். "எங்களுக்குக் கட்டுப்பாடு வராது அய்யா, நாக்கு கேட்காது" என்று அநேகர் சொல்லுகிறார்கள். இது சுத்தப் பொய். நம் ஜனங்களைப்போல் சாப்பாட்டில் கட்டுப்பாடு காட்டுகிறவர்கள் உலகத்தில் குறைவு. புரட்டாசி மாதம் முழுவதும் கறி மீன் தொடாதவர்கள் எத்தனை பேர்! ஏகாதசிக்குப் பட்டினி, கிருத்திகைக்குப் பட்டினி, அமாவாசைக்கு ஒரு வேளை என்று இருப்பவர்கள் எத்தனை பேர்! வருஷம் பூராவும் சாராயத்தை விடமுடியாதவன், பெண்டாட்டி பிள்ளைகள் அழுதாலும் கேட்காதவன், சபரிமலைக்கு மாலை போட்டதும் 41 நாள் குடிக்காமல் இருக்கிறானா இல்லையா? 42-ஆம் நாள் மறுபடியும் போய் உட்காருகிறான் என்பது வேறு விஷயம். அந்த 41 நாள் அவனைத் தடுத்தது யார்? எந்தப் போலீசும் தடுக்கவில்லை. அவன் மனந்தான் அவனைத் தடுத்தது. ஆகவே சக்தி இருக்கிறது. அந்தச் சக்தியைத் தன் உடம்புக்காக, தன் குடும்பத்துக்காகச் செலவு செய்ய மாட்டேன், எவனோ சொன்ன புண்ணியத்துக்காக மட்டும் செலவு செய்வேன் என்பதுதான் இங்கே இருக்கிற கோளாறு.

அந்த விரதங்களின் இலட்சணத்தையும் கொஞ்சம் பாருங்கள். பகலெல்லாம் பட்டினி கிடந்தவன் இராத்திரி "பலகாரம்" என்று வடையும் பஜ்ஜியும் பாயசமும் ஏற்றுகிறான். புரட்டாசி முடிந்த மறுநாள் கறிக்கடை வாசலில் விடியற்காலையிலேயே கூட்டம் நிற்கிறது. ஏன் இந்த நாளில் இதைத் தின்னக்கூடாது என்று கேட்டால், "பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்" என்பதற்கு மேல் பதில் இல்லை. காரணம் கேட்கக்கூடாத விதி அடிமையின் விதி. காரணம் தெரிந்து, தானே செய்து, தானே பரிசோதித்து, வேண்டுமானால் தானே திருத்திக்கொள்ளுகிற விதிதான் சுயமரியாதை உள்ளவனின் விதி.

நிற்க. இதற்கு இவ்வளவு அவசரம் என்ன என்று கேட்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியோடு நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றின் கணக்கு 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். வியாதியின் வாசற்படியில் நிற்பவர்கள் சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்த வியாதி இருப்பதாக அந்தக் கணக்கு கூறுகிறது. ஒரு காலத்தில் இது பணக்காரர் வியாதி என்று பேசப்பட்டது. இன்று கல் உடைப்பவனுக்கும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்வருகிறவனுக்கும், நூறு நாள் வேலைக்குப் போன அம்மாளுக்கும் வந்திருக்கிறது. பணக்காரனுக்கு வந்தால் அவன் வைத்தியத்துக்குச் சொத்தில் ஒரு பகுதியைச் செலவு செய்வான். ஏழைக்கு வந்து, சிறுநீரகம் கெட்டுப் போனாலோ, கண் மங்கிப் போனாலோ, காலை எடுக்க நேர்ந்தாலோ, அந்தக் குடும்பத்தின் கூலியே நின்றுவிடுகிறது. மாடு போகும், நிலம் போகும், பையனின் படிப்பு போகும். ஆகையால் சாப்பாட்டு ஒழுங்கு என்பது சீமான்களின் பொழுதுபோக்கு அல்ல. இழப்பதற்கு உடம்பைத் தவிர வேறு சொத்து இல்லாதவனுக்குத்தான் அது முதல் தேவை.

நம் ஜில்லாவின் பழைய சாப்பாடு என்ன? கேழ்வரகுக் களி, சாமைச் சோறு, கம்பங்கூழ், கொள்ளு, அவரை, மொச்சை, காட்டிலும் மேட்டிலும் கிடைத்த கீரை. நெல்லுச் சோறு என்பது பண்டிகைக்கும் விருந்தாளிக்கும். நெல்லுச் சோறு தின்பவன் பெரிய மனிதன், களி தின்பவன் சின்ன மனிதன் என்று அந்தஸ்து கட்டிவைத்தார்கள். ஜாதிக்கு மேல் கீழ் வைத்ததுபோலத் தானியத்துக்கும் மேல் கீழ் வைத்தார்கள். காலம் மாறி அரிசி எல்லோருக்கும் கிடைத்தவுடன், களியை விட்டுவிடுவதே முன்னேற்றம் என்று ஜனங்கள் நினைத்தது இதனால்தான். 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசமாகவே வந்தது. அதைக் குற்றம் சொல்ல நாம் இங்கே வரவில்லை. பட்டினியை ஒழித்த அரிசி அது. ஆனால் பட்டினியை ஒழித்த சோறு, தட்டு முழுவதையும் ஆக்கிரமித்து, பருப்பையும் கீரையையும் காயையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. மூன்று வேளையும் அரிசியே. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, இரவில் தோசை. பெயர் மூன்று, பண்டம் ஒன்று.

தீட்டிய அரிசியின் சங்கதி இன்று நேற்றுத் தெரிந்ததல்ல. 1890-களில் ஜாவா தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதைக் கண்டார். பிறகு புதிதாக வந்த சமையற்காரன் அந்தச் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று நிறுத்தி, தீட்டாத அரிசியைப் போட ஆரம்பித்ததும் கோழிகள் எழுந்து நடந்தன. இந்தச் சின்ன விஷயத்திலிருந்துதான் அரிசியின் மேல்தோலில் இருக்கும் உயிர்ச்சத்தை உலகம் கண்டுகொள்ள வழி பிறந்தது. 1929-இல் எய்க்மனுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் நாட்டிலேயே குன்னூரில் மக்காரிசன் என்ற மருத்துவர் 1920-களில் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குப் பஞ்சாப் சீக்கியர் சாப்பாடு, இன்னொன்றுக்கு வங்காளத்தார் சாப்பாடு, மற்றொன்றுக்கு மதராஸ்காரர் சாப்பாடு என்று போட்டு வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி தின்ற சீக்கிய எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. வெள்ளைச் சோறு தின்ற மதராஸ் எலிதான் எல்லாவற்றிலும் கடைசி. எலிக்கு ஜாதகம் இல்லை, பூர்வஜென்ம வினை இல்லை. தட்டில் விழுந்ததுதான் வித்தியாசம்.

கேழ்வரகைப் பாருங்கள். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. தீட்டிய அரிசியில் அதே அளவுக்குச் சுமார் 10 மில்லிகிராம். 2023-ஆம் ஆண்டை அய்க்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. அதே ஆண்டில் நீலகிரியிலும் நம் தர்மபுரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நம் பாட்டன் களி தின்றதற்காக வெட்கப்பட்ட ஊருக்கு, சர்க்காரும் சர்வதேச சபையும் வந்து களியின் பெருமையைச் சொல்ல வேண்டியிருந்தது!

ஆனால் தோழர்களே, ஒரு எச்சரிக்கை. அரிசிச் சாமியை இறக்கிவிட்டுக் கேழ்வரகுச் சாமியை ஏற்றுவது நம் வேலை அல்ல. கேழ்வரகிலும் மாவுச்சத்து இருக்கிறது. நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் அதுவும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். "இது ராகி, எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம்" என்று மூன்று உருண்டை விழுங்குவது புதிய மூடநம்பிக்கை. ஒரு உருண்டை களி, அதைவிட அதிகமாகக் கீரைக் கடைசலும் அவரைக்காய்க் குழம்பும் என்று இருந்தால்தான் அது சாப்பாடு.

நம் ஜில்லாவுக்கென்றே இன்னொரு பாடம் உண்டு. இங்கே அநேகம் கிராமங்களில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு முதுகும் முட்டியும் மடங்காத கஷ்டம் என்று பல காலம் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். சாமி குத்தம் என்றார்கள், முன்னோர் பாவம் என்றார்கள். கடைசியில் காரணம் ஆழ்குழாய்த் தண்ணீரில் இருந்த புளோரைடு என்று தெரிந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. காவிரித் தண்ணீர் குழாயில் வந்ததே தவிர, எந்தப் பரிகார பூஜையிலும் வரவில்லை. புளோரைடைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட அது செறிவுதான் ஆகும். ஆகையால் "குடிக்கவும் உலை வைக்கவும் எங்கள் வீட்டில் காவிரிக் குழாய்த் தண்ணீர்தான், போர் தண்ணீர் எடுப்பதில்லை" என்பது நம் ஜில்லாவில் ஒவ்வொரு வீடும் செய்துகொள்ள வேண்டிய முதல் விதி. சுண்ணாம்புச் சத்தும், நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றில் உள்ள சத்தும் போதுமான அளவு உள்ள சாப்பாடு இந்தக் கேட்டைத் தாங்கும் சக்தியைக் கொடுக்கும் என்றும் மருத்துவர்கள் சொல்லுகிறார்கள்.

"சாப்பாட்டை மாற்றினால் மட்டும் வியாதி நின்றுவிடுமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை வியாதியின் வாசற்படியில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண யோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, தினம் அரைமணி நேரம் நடக்கச் சொல்லிப் பழக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மந்திரவாதிக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும். ஆனால் நூறு பேரில் பதினாறு பேர் தப்பினார்கள். நம் ஊரில் நூறு வீட்டுக்குப் பதினாறு வீடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தத் தாயத்து இவ்வளவு வேலை செய்திருக்கிறது?

இனி விதியை எப்படிச் செய்வது என்பதற்கு வருவோம். "நாளை முதல் நல்லபடியாகச் சாப்பிடுவேன்" என்பது விதி அல்ல, அது வெறும் ஆசை. விதிக்குச் சில இலட்சணங்கள் வேண்டும்.

முதலாவது, விதி ஒன்றோ இரண்டோதான் இருக்க வேண்டும். மனுதர்மம் மாதிரி ஆயிரம் எழுதிவைத்தால் ஒன்றும் நடக்காது. ஒன்று பழக்கமான பிறகு அடுத்ததைச் சேர்க்கலாம்.

இரண்டாவது, எப்போது, எங்கே, எவ்வளவு என்பது விதியிலேயே இருக்க வேண்டும். "டீயைக் குறைப்பேன்" என்றால் எவனும் குறைக்க மாட்டான். "காலையில் ஒன்று, மாலை நாலு மணிக்கு ஒன்று, சர்க்கரை அரைக் கரண்டி" என்றால் அதில் தப்பிக்க இடமில்லை. ஒரு கிளாஸ் டீக்கு இரண்டு சின்னக் கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். தினம் அய்ந்து டீ குடிக்கிறவன் 50 கிராம் தின்கிறான். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ, வருஷத்துக்குப் பதினெட்டுக் கிலோ! உலக சுகாதார நிறுவனமோ இப்படிச் சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தெரியாமலே அரை மூட்டைச் சர்க்கரையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது, "கூடாது" என்று சொல்லாதீர்கள், "இல்லை" என்று சொல்லுங்கள். கல்யாண வீட்டில் இன்னொரு ஜாங்கிரி வைக்க வருகிறார்கள். "சாப்பிடக் கூடாதாம், டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்றால், "ஒரு நாளைக்குப் பரவாயில்லை" என்று இலையில் வைத்துவிடுவார்கள். ஏனென்றால் அங்கே விதி டாக்டருடையது, நீங்கள் கைதி. "நான் இனிப்பு இரண்டாவது வாங்குவதில்லை" என்று சொல்லிப் பாருங்கள். விதி உங்களுடையது என்பது எதிரில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். இந்தச் சொல் வித்தியாசத்தைக்கூட மேல்நாட்டில் பரிசோதித்துப் பார்த்து, பலன் இருப்பதாக 2012-இல் எழுதியிருக்கிறார்கள்.

நான்காவது, பசியோடு இருக்கும்போது விதியைப் பற்றி ஆலோசிக்காதீர்கள். அந்த நேரத்தில் நாக்குதான் நீதிபதி. வீட்டில் மிக்சர் டப்பா இருந்தால் கை போகும். கடையிலிருந்து வாங்காவிட்டால் வீட்டில் இருக்காது. அதற்குப் பதில் வேகவைத்த நிலக்கடலையோ மொச்சையோ கொள்ளோ இருக்கட்டும். அளவுக்கும் ஒரு வழி சொல்லுகிறோம். உப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு குறைந்தது 50 நாள் வரவேண்டும். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் இருப்பது நல்லது என்பார்கள் மருத்துவர்கள். பாக்கெட் வாங்கிய தேதியை அதன்மேலேயே எழுதிவையுங்கள். பஞ்சாங்கம் பார்ப்பதைவிட அதைப் பார்ப்பது உங்கள் எதிர்காலத்தை நன்றாகச் சொல்லும்.

அய்ந்தாவது, ஒரு நாள் தவறினால் அது பாவம் அல்ல. பரிகாரமும் இல்லை, பட்டினி தண்டனையும் இல்லை. அடுத்த வேளை பழையபடி விதியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து ஆராய்ந்ததில், ஒரு புதுப் பழக்கம் தானாக ஓடுகிற நிலைக்கு வர சிலருக்கு 18 நாளும், சிலருக்கு 254 நாளும் ஆகும் என்றும், நடுத்தரமாக 66 நாள் என்றும், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கெடுதி ஒன்றுமில்லை என்றும் கண்டார்கள். 41 நாள் மாலை போடத் தெரிந்த நமக்கு 66 நாள் பெரிதா?

ஆறாவது, விதியை மாதம் ஒரு தரம் விசாரணைக்கு நிறுத்துங்கள். உடம்புக்கு நல்லது செய்ததா, இரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று பாருங்கள். பயன் இல்லாத விதியைத் தூக்கி எறியுங்கள். மனிதனுக்காக விதியே தவிர, விதிக்காக மனிதன் அல்ல.

இப்போது தாய்மார்களைப் பற்றி ஒரு வார்த்தை. உண்மையில் இது ஆண்களுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை. நம் வீடுகளில் எழுதாத சாப்பாட்டு விதி ஒன்று இருக்கிறது. முதலில் ஆண், பிறகு பிள்ளைகள், கடைசியில் பாத்திரத்தில் ஒட்டியிருப்பதைச் சுரண்டித் தின்பவள் சமைத்தவள். முட்டை நாலு இருந்தால் அவளுக்கு இல்லை, குழம்பில் காய் இருந்தால் அவளுக்கு இல்லை. 2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரத்தசோகை உள்ளவர்கள். உழைத்து உலை வைக்கிறவள் உடம்பில் இரத்தம் இல்லை, உட்கார்ந்து தின்கிறவன் உடம்பில் சர்க்கரை அதிகம் என்றால், அந்த வீட்டில் வியாதி தட்டில் இல்லை, பந்தியில் இருக்கிறது! ஆகவே "எங்கள் வீட்டில் இராத்திரிச் சாப்பாடு எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, சமமாகப் பங்கிட்டுத்தான்" என்பது ஒவ்வொரு ஆண்மகனும் தானே செய்து தானே நடத்த வேண்டிய விதி. சுடச்சுட தோசை வந்துகொண்டே இருக்க வேண்டும் என்று உட்கார்ந்திருப்பவன், வெளியிலே சமத்துவம் பேசி என்ன பயன்? வாரத்தில் சில வேளை ஆணும் அடுப்பங்கரைக்குப் போகட்டும். எண்ணெயும் உப்பும் எவ்வளவு விழுகிறது என்பது அப்போதுதான் அவன் கண்ணுக்குத் தெரியும். தாய்மார்களுக்கும் இரண்டு விதி சொல்லுகிறோம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், அது சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் கெடுக்கும். முருங்கைக் கீரை தின்னும்போது ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளுங்கள், அது இரும்பைச் சேரவைக்கும்.

நெல்லிக்காய் என்றதும் நம் தகடூர் அதியமான் கதை ஞாபகத்துக்கு வரும். நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் அவ்வைக்குக் கொடுத்தான் என்று படித்திருக்கிறோம். ஒரு கனியைத் தின்று சாகாமல் இருக்க முடியாது. ஆனால் கிடைத்த நல்ல பண்டத்தை, அரசன் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், அறிவுடைய ஒரு பெண்ணுக்குக் கொடுத்தான் என்கிற பாகம் இருக்கிறதே, அதை அவன் ஜில்லாக்காரர்களாகிய நாம் நம் வீட்டு அடுப்பங்கரையில் பின்பற்றினால் போதும்.

சில ஆட்சேபணைகளுக்குப் பதில் சொல்லி முடிக்கிறோம். "உழைக்கிறவன் வயிறு நிறையத் தின்ன வேண்டாமா?" என்பார்கள். கட்டாயம் தின்ன வேண்டும். வயிற்றைக் காயப்போடச் சொல்லவில்லை. தட்டில் பாதி காயும் கீரையும், கால் பாகம் சோறோ களியோ, கால் பாகம் பருப்பு, கொள்ளு, முட்டை, மீன் என்று மாற்றச் சொல்லுகிறோம். மண்வெட்டி பிடிக்கிறவன் அதிலேயே இரண்டாந்தரம் வாங்கிக்கொள்ளட்டும். "எங்கள் தாத்தா எல்லாம் தின்று தொண்ணூறு வயது இருந்தார்" என்பார்கள். அந்தத் தாத்தா பென்னாகரம் சந்தைக்கு நடந்து போனார், நீங்கள் தெருக்கோடிக் கடைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறீர்கள். அவரோடு பிறந்து அய்ம்பதில் செத்தவர்களை யாரும் கணக்கில் எழுதவில்லை. "காயும் பழமும் ஏழைக்குக் கட்டுமா?" என்பார்கள். இது நியாயமான கேள்வி. ஆனால் பாலக்கோட்டுத் தக்காளி விலை விழுந்து ரோட்டில் கொட்டுகிற நாட்கள் நமக்குத் தெரியும். கொல்லை முருங்கைக்கும், வரப்பு அவரைக்கும் விலை இல்லை. அதற்கும் மேலே, கூலி உயரவும் ரேஷனில் பருப்பும் சிறுதானியமும் அதிகம் கிடைக்கவும் கேட்பது நம் உரிமை. தனி மனிதன் விதி செய்துகொண்டான் என்பதற்காகச் சர்க்கார் தன் கடமையிலிருந்து தப்பித்துக்கொள்ள விடக்கூடாது.

இன்னொரு கூட்டத்தாரையும் மறக்கக்கூடாது. பழைய புரோகிதன் வருஷத்துக்கு இத்தனை நாள் பட்டினி என்று விதி செய்தான். புதிய புரோகிதனாகிய விளம்பரக்காரன் நிமிஷத்துக்கு ஒரு தரம் தின்னு என்று விதி செய்கிறான். பிள்ளை வளர இந்த மாவு, பலம் வர இந்தப் பானம், தாகம் தீர இந்தச் சர்க்கரைத் தண்ணீர் என்கிறான். டெலிபோனைத் திறந்தால், மாத்திரையை நிறுத்து, இந்த மூலிகைப் பொடி சர்க்கரையை அடியோடு ஒழிக்கும் என்கிறவன் ஒருவன். அவனுக்கும் விபூதி கொடுப்பவனுக்கும் பேதம் இல்லை. மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தவும் கூடாது, விரதம் என்று பட்டினி கிடக்கவும் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி உயிருக்கே ஆபத்து வரலாம். பக்கத்து ஜில்லாவான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. சர்க்காரே வீடு தேடி வந்து பரிசோதிக்க முன்வந்த காலத்தில், பரிசோதனைக்குப் பயந்து ஒளிவது அறிவாகாது. முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தரம் இரத்தத்தைக் காட்டிவிடுங்கள்.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போய், ஒரே ஒரு விதியை, உங்கள் சொந்த வார்த்தையில், ஒரு காகிதத்தில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். 66 நாள் நடத்திப் பாருங்கள். பலன் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள். தலையில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படும் எழுத்தை எவனும் பார்த்ததில்லை, கிழிக்கவும் முடியாது. சுவரில் நீங்கள் எழுதியதை நீங்களே படிக்கலாம், நீங்களே திருத்தலாம்.